பாட்டுப்பெட்டிக்குக் கஞ்சி கேட்டவள்

பூதப்பாண்டிப் பெருமக்களுக்கும், குறிப்பாக நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையின் வாசகர்களுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: பரமு அண்ணன் டீக்கடையில் நெடுங்காலம் பாடிவந்த பாட்டுப்பெட்டி காலமாகிவிட்டது. நாகர்கோவிலில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் ரெண்டாப் போச்சுவே, எடுத்துட்டுப் போவும்" என்று கைவிரித்தாராம். செய்தியோடு திரும்பிய பரமு அண்ணன், பெட்டியை மேசைமேல் வைத்துத் துண்டால் மூடினார். கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றோம். பிறகு ஒருவர் வடை கேட்டார்.

அன்னாரின் குணங்களில் தலையாயது தாராளம். யார் சாவி கொடுக்கிறார்களோ அவர்கள் கேட்ட இசைத்தட்டு ஓடும் என்பது அந்தக் கடை வழக்கம். பரமு அண்ணனுக்குத் தோள்வலி, எனக்குக் காதல். இருவருக்கும் வசதியாக இருந்தது.

அவள் பெயரைச் சொல்லமாட்டேன். நம்மைவிட ஒரு வகுப்பு மேல், ஆறாம் பாரம். பள்ளி விட்டதும் தோழிகளோடு கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். தெருமுனையில் தாவணி தென்பட்டதும் ஊசியை வைத்துவிடுவேன். ஒருநாள் நிலாவைத் தூது அனுப்பும் பாட்டு. மறுநாள் ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சும் பாட்டு. நான் வாய் திறக்கவேண்டியதே இல்லை. பெரிய பெரிய பாகவதர்கள் என் சார்பில் தொண்டை வற்றக் கெஞ்சினார்கள். இந்த ஊரில் ஆள் வைத்துக் காதலித்தவன் நான் ஒருவன்தான்.

அன்னாருக்கு ஒரு குறை உண்டு, மூச்சு. அவள் கடைவாசலுக்கு வரும்போது பார்த்து ஸ்பிரிங் தளரும். பாகவதர் குரல் இறங்கி இறங்கி, உழுது களைத்த எருமையின் குரலாகிவிடும். ஒருநாள் அவள் நின்றேவிட்டாள். பெட்டியைப் பார்த்தாள்.

"அண்ணா, பாட்டுக்காரருக்கு வயிறு ஒட்டிப்போச்சு போலிருக்கே. கொஞ்சம் கஞ்சி குடுக்கப்பிடாதா?"

தோழிகள் சிரித்தார்கள். பரமு அண்ணன் சிரித்தார். என் நண்பன் சுடலை என் காதோரம் குனிந்து, "மக்கா, நீ நிலாவத் தூது விட்டே, எருமையில்லா வந்து நிக்கி" என்றான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே லட்சியம். ஒரே ஒரு பாட்டையாவது, இடையில் தொய்யாமல், அவள் முழுதாகக் கேட்டுவிடவேண்டும்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை தேரூர். வயலும் உண்டு, மீசையும் உண்டு. கல்யாண வீட்டார் பரமு அண்ணனிடம் பாட்டுப்பெட்டியை இரவல் கேட்டார்கள். சாவி கொடுக்க என்னை விட்டால் யார்? பெண்ணின் மாமா பக்கத்திலேயே நின்று பிள்ளையார் பாட்டு, முருகன் பாட்டு என்று தட்டு எடுத்துத் தந்துகொண்டிருந்தார். பெண் மணவறைக்கு வருகிற நேரம், யாரோ கூப்பிட்டு அவர் நகர்ந்தார். நான் நிலாப் பாட்டைப் போட்டேன். இன்றைக்கு மூச்சு வாங்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாவி கொடுத்தேன்.

"ஏலே, போதும்லே! அது பாட்டுப்பெட்டி, கெணத்துக் கப்பி இல்ல!" என்று பந்தல் வாசலிலிருந்து பரமு அண்ணன் கத்தினார்.

இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன். உள்ளே 'டங்' என்றது. நிலா புறப்படவே இல்லை. மிச்சத்தை நாதசுரக்காரர் பார்த்துக்கொண்டார்.

அதற்குமேல் நடந்ததை நான் வகுப்பில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மணவறையிலிருந்து அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியேறினேன் என்று. பார்த்தது உண்மைதான். பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த சித்தியிடம் அவள் சொன்னதும் எனக்குக் கேட்டது.

"சித்தி, அந்த டீக்கடைப் பையன் விடியக்காலத்தே இருந்து நின்னு சுத்துகான், பாவம். முதப் பந்தியில அவனுக்கு ஒரு எலை போடச் சொல்லுங்கோ."

பாட்டுப்பெட்டியின் நினைவாக அதன் கைப்பிடியைப் பரமு அண்ணன் எனக்கே தந்துவிட்டார். அவள் நினைவாக என்னிடம் இருப்பது அந்த இலைதான். வெளியேறவில்லை, நண்பர்களே. முதல் பந்தியில் உட்கார்ந்தேன். போளியைப் பாயசத்தில் பிசைந்து சாப்பிட்டேன். இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்.