இரண்டு நிமிடப் பேச்சுக்கு ஒரு ‘சரிங்களாம்’

மூன்று வருடங்களுக்கு முன்பு அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. பள்ளி மனநல ஆலோசகராகப் போகிறவர்களுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. எந்த ஊர், எந்த மொழி பேசும் குடும்பமானாலும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று சொல்லித் தருவேன். அன்று ஆறு மாணவிகளை அழைத்துப் போயிருந்தேன். “நான் பேசும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கவனித்தால் போதும்” என்று வாசலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சேர்ந்து எட்டு மாதமாகியும் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. வடக்கிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். மனவளர்ச்சியில் குறையோ, சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்று பள்ளியில் யோசித்தார்கள். என் அறிக்கையை வைத்துத்தான் முடிவு.

அம்மா வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் அக்காவை மொழிபெயர்க்க நிறுத்தினோம். இந்த ஊர்ப் பிள்ளை மாதிரியே தமிழில் வெளுத்துக் கட்டினாள் அவள். நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, சின்னவள் பேசாததையும் சிறப்புப் பள்ளி யோசனையையும் பாடத்தில் உள்ளபடி நிதானமாக விளக்கினேன். அக்கா அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அம்மா சிரித்தார்! பிறகு கையை ஆட்டி ஆட்டி இரண்டு நிமிடம் பேசினார். அக்கா என் பக்கம் திரும்பி, “சரிங்களாம் மிஸ்” என்றாள்.

அவ்வளவு பேச்சுக்கு ஒரே ஒரு ‘சரிங்களாம்’தானா? எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஆறு பேர் முன்னால் தடுமாறக் கூடாதே என்ற வீம்பு. ‘பிரச்சினையின் தீவிரம் தாய்க்குப் புரியவில்லை’ என்று எழுதி முடித்தேன்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்துவிட்டுப் படிக்க வந்தவள், இந்தி தெரிந்தவள். “மேடம், அந்தப் புள்ள நீங்க சொன்னதச் சொல்லவே இல்லீங்க. ‘தங்கச்சி நல்லாப் படம் வரையறா, மிஸ்ஸுக்கு ரொம்பப் புடிக்குது’ன்னு சொன்னாளுங்க.”

அம்மா என்னதான் சொன்னாராம்? அவர்கள் இருப்பது ஒரே அறை. நைட் ஷிப்ட் முடித்து வரும் உறவுக்காரர்கள் நான்கு பேர் பகலில் அங்கேதான் தூங்குவார்கள். ஆட்கள் நிறைந்த இடத்தில் மூச்சுக் காட்டக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழக்கியிருக்கிறார்.

“மொட்டை மாடிக்குப் போனா ஒரே பாட்டும் பேச்சுந்தானுங்களாமா. இங்கயும் அடக்கமா இருக்கறாளான்னு பெருமையாக் கேட்டாங்க மேடம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இதை அங்கேயே சொல்றதுக்கென்ன?” என்று எரிந்து விழுந்தேன்.

“நீங்கதானுங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க.”

வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே பள்ளிக்குப் போய் அந்த அறிக்கையை வாங்கிக் கிழித்தேன். ஏன் மாற்றிச் சொன்னாய் என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். “அம்மா அழுவாங்க மிஸ். ஊருக்கே போயர்லாம்னு சொல்லுவாங்க” என்றாள். பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் எப்பேர்ப்பட்ட பாரத்தை ஏற்றியிருக்கிறேன்! அவளை வகுப்புக்கு அனுப்பினேன். அம்மாவை மறுபடி வரவழைத்தோம். இம்முறை, என்னோடு வந்திருந்த அந்த மாணவியே அவரிடம் இந்தியில் பேசினாள். நான் ஓரமாக உட்கார்ந்து, புரியாமலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கொஞ்சம் அழுதார். பிறகு எழுந்து சின்னவளின் வகுப்புக்குப் போய், அவளிடம் குனிந்து எதையோ சொன்னார். இங்கே யாரும் தூங்கவில்லை, சத்தமாகப் பேசலாம் என்றாராம்.

அன்றே பேசிவிடவில்லை அவள். மூன்று வாரம் கழித்து வருகைப்பதிவு எடுக்கும்போது, “உள்ளேன் மிஸ்” என்று பக்கத்து வகுப்புக்கே கேட்கும்படி கத்தினாளாம். சிறப்புப் பள்ளிப் பேச்சு அதோடு நின்றது.

பேசாதே என்று சொன்னதால்தான் அந்தக் குழந்தை பேசவில்லை, என் மாணவியும் பேசவில்லை. அதனால் இப்போதெல்லாம் பள்ளி வாசலில் நின்று, “தப்பாகத் தெரிந்தால் உடனே என்னை நிறுத்துங்கள்” என்று சொல்லிவிட்டுத்தான் மாணவிகளை உள்ளே அழைத்துப் போகிறேன்.