ஜன்னல்ல தொங்குற பனியன்

இன்னிக்கு சாயங்காலம் என் வீட்டுக்காரரோட ஆபீசர், சம்சாரத்தோட ஜட்கா வண்டியில வந்து இறங்கினார்.

இவர் சமையலறைக்கு ஓடி வந்து, "அந்தப் பனியனைக் கழட்டு, மானம் போகுது"ன்னார்.

இவரோட கிழிஞ்ச பனியன்தான். அடியைத் தைச்சு, சின்ன வெங்காயத்தைப் போட்டு, கொள்ளிடக் காத்து வர்ற ஜன்னல்ல மாட்டியிருக்கேன்.

"வெங்காயம் சாக்குல அழுகி நாறினப்ப போகாத மானம் இப்ப போயிடுமா? கழட்ட மாட்டேன்"னேன்.

இவர் காபியை எடுத்துக்கிட்டு கூடத்துக்குப் போனதும், ஆபீசரோட சம்சாரம் உள்ளேயே வந்துட்டாங்க. பனியன்லேருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தாங்க. "கல்லு மாதிரி இருக்கே!"

அப்புறம் கூடத்தைப் பார்த்து, "ஏங்க, உங்க பழைய பனியனைத் தூக்கிப் போட்டுடாதீங்க!"

ரெண்டு ஆம்பளைங்களும் காபி டம்ளரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

அடுத்தது, கீரையைச் சுத்தி வைக்க ஈரத்துணி வேணும். இவரோட பழைய வேட்டி மேல கண்ணு வச்சிருக்கேன். கேட்டு எடுக்கணுமா, எடுத்துட்டுச் சொன்னா போதுமா? நீங்களே சொல்லுங்க.