கட்டைவிரல்

சிறையின் மருந்தறையில் வேலை பார்க்கும் கம்பவுண்டருக்குப் பிரம்படி நாள் என்றாலே சோறு தொண்டையில் இறங்காது. அடிப்பது அவர் இல்லை. அடிக்கு முன் கைதியின் நாடியைப் பிடித்து, தாங்குவானா மாட்டானா என்று சொல்வதுதான் அவர் வேலை.

"உங்க கையா அடிக்குது? தொட்டுப் பாக்குது, அவ்வளவுதானே," என்பாள் மனைவி. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ஓட்டினார்.

அன்று கொண்டுவந்து நிறுத்தியது ஒரு சைக்கிள் திருடனை. உள்ளே எல்லோருக்கும் அவன் 'பெல்லு'. மூன்றாவது முறையாக வந்திருக்கிறான்.

"போன தடவையும் நீங்கதாண்ணே," என்று சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை. "தழும்பு இன்னும் இழுக்குது. சீட்டுல உக்கார முடியாம சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போனேன். அதான் மாட்டிக்கிட்டேன்."

"அப்புறம் ஏன்டா எடுத்த?"

"எடுக்கறப்ப அடி ஞாபகம் வரலண்ணே. இங்க நிக்கறப்பதான் வருது."

வாசலில் நின்ற ஜெயிலர் கடிகாரத்தைப் பார்த்தார். "தோல்ல ஏறினாத்தான்யா இவனுங்களுக்குப் புத்தியில ஏறும். சீக்கிரம் பாரு."

போன தடவை ஏறவில்லையே என்று கம்பவுண்டருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஜெயிலரின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார்.

பக்கத்து அறையில் தண்ணீரில் ஊறிக்கிடந்த பிரம்பை யாரோ எடுத்துக் காற்றில் வீசிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்தில் பெல்லின் கை துள்ளியது. கம்பவுண்டர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நாடி தறிகெட்டு ஓடியது.

"இன்னிக்கு வேணாம் சார். நெஞ்சு தாங்காது."

ஜெயிலர் பல்லைக் கடித்தார். "சரி, அடுத்த வாரம்."

பெல்லின் முகம் வெளுத்தது. "இன்னும் ஒரு வாரமாண்ணே? கண்ண மூடினா அந்தச் சத்தம்தானே கேக்கும். இன்னிக்கே முடிச்சிருங்கண்ணே."

கம்பவுண்டர் குனிந்து தன் கையைப் பார்த்தார். இரண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் இருந்தது. தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லித் தந்தது அது. கட்டைவிரலால் பிடித்தால் பிடிப்பவனின் நாடிதான் தெரியும்.

மெல்ல விரலை மாற்றி வைத்தார். பெல்லின் நாடி வேகமாகத்தான் ஓடியது. ஆனால் தாங்குகிற ஓட்டம். தாங்குவான் என்று சொன்னால் இப்போதே அடி. சொல்லாவிட்டால் ஒரு வாரம் இந்த நடுக்கம்.

"என்னய்யா, மறுபடியும் பாக்குற?"

"அதேதான் சார். நெஞ்சு தாங்காது."

யாருடைய நெஞ்சு என்று ஜெயிலர் கேட்கவில்லை. பெல்லு மட்டும் கம்பவுண்டரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரமும் நாடி பிடிக்க அந்தக் கைதான் வர வேண்டும்.