நான் ஓட்ட, அவர் பக்கத்தில்: சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குக் கரையோரமாக ஒரு கரவன் பயணம்

கரவன் என்கிற சக்கர வீட்டைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு கடற்கரை வழியாக மெல்பேர்ண் போவது என் கணவருடைய ஆசை, என்னுடையது அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பெரிய துணிச்சல்காரி என்று நினைக்கக்கூடாது. நான் வெஸ்ட்மீட்டில் நேர்ஸ். மெரிலேண்ட்ஸ் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், சனிக்கிழமைகளில் பரமட்டாக் கடைகளுக்கும் கார் ஓட்டுவேன். அதைத் தாண்டி எங்கே போவதென்றாலும் ஸ்ரியறிங்கைப் பிடிப்பவர் என் கணவர் ஜெயன்தான். பதினெட்டு வருடம் சிட்னியில் பஸ் ஓட்டிய மனிதர். பக்கத்தில் இருந்து பிஸ்கற் பைக்கற்றைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை.

மார்ச் மாதத்துக்கு வாடகைக் கரவன் ஒன்றைப் பதிவு செய்து வைத்திருந்தோம். ஜனவரியில் ஒரு நாள் காலை குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். வலிப்பு. கடவுள் புண்ணியத்தில் இப்போது மருந்தோடு நன்றாக இருக்கிறார். ஆனால் சொந்தக் கார் ஓட்டுவதென்றாலும் குறைந்தது ஆறு மாதம் பொறுக்கவேண்டும், பஸ்ஸை இனிப் பல வருடத்துக்கு நினைக்கவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

டிப்போவில் நல்ல மனிதர்கள். புதிதாகச் சேருகிற டிரைவர்களுக்கு யார்டில் நின்று பஸ்ஸைத் திருப்பவும் பின்னால் எடுக்கவும் பழக்குகிற வேலை ஒன்று இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார்கள். மார்ச் கடைசித் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். இவருக்கு வந்ததே ரோசம். “ஓட்டினவனைக் கொண்டுபோய் வெளியில நிப்பாட்டிக் கையைக் காட்டச் சொல்லுறாங்கள். பாவம் பார்த்துத் தாற வேலை எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தவர்தான், இரண்டு மாதம் எழும்பவில்லை. ரீவி ஓடும், பார்க்கமாட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி முடங்கினால் இந்த மனிதர் இனி எழும்பவே மாட்டார் என்று பயந்தேன்.

கரவனை ரத்துச் செய்யச் சொன்னார். “ஏன்? நான் ஓட்டுறன்” என்றேன். “நீயோ?” என்றார். அந்த ஒரு “நீயோ”வுக்காகத்தான் இத்தனை தூரம் ஓட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்குத் தந்தவர் அரை மணித்தியாலம் பொறுமையாகப் பழக்கினார். பதினாறு அடிக் கரவன், உள்ளே கட்டில், அடுப்பு, பிறிட்ஜ் எல்லாம் இருக்கிறது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் காருக்கு நாலு, கரவனுக்கு இரண்டு என்று ஆறு ரயருக்கும் தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்பட்டோம். எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

ஹீத்கோட் வரை நன்றாகத்தான் போனது. வொலங்கொங்குக்கு இறங்குகிற மவுண்ட் ஊஸ்லி இறக்கத்தில் பின்னால் கரவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடத் தொடங்கியது. எனக்கு உயிர் போய்விட்டது. ஜெயன் குரலை உயர்த்தவே இல்லை. “காலை எடு. பிறேக்கைத் தொடாத. ஸ்ரியறிங்கை நேராப் பிடி.” வேகம் குறைந்தது, ஆட்டமும் நின்றது. கீழே ஒதுக்கமாக ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு இருவரும் இறங்கிக் கரவனின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தோம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபது கிலோ அரிசி மூட்டை, கிரைண்டர், பத்துத் தேங்காய், அதைத் துருவத் திருவலை, புட்டு மா, மீன் ரின் ஒரு பெட்டி. எல்லாவற்றையும் நான் கரவனின் வாலில் அடுக்கியிருந்தேன். “மெல்பேர்ணில அரிசிப் பஞ்சமோ?” என்றார். வழியெல்லாம் சுப்பர்மார்க்கற் இருக்கிறது என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும், ஆனால் நம்பமாட்டோம். பாரமானதை எல்லாம் சில்லின் அச்சுக்கு மேலே நடுத்தரையில் வைத்த பிறகு கரவன் சொன்னபடி கேட்டது.

முதல் இரவு கியாமாவில். வீட்டிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீற்றர். கரவன் பார்க்கில் மின்சார வசதியுள்ள இடம் 68 டொலர், இரண்டு மணிக்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். அதுவரை பாறைத் துவாரத்தால் கடல் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அலை நன்றாக எழும்பினால்தான் அது காட்சி, இல்லாவிட்டால் வெறும் இருமல்.

பிறகு வந்தது என் மானம் போன கட்டம். எங்களுக்குத் தந்த இடம் ஒரு மூலை, பின்பக்கமாகத்தான் விடவேண்டும். ஜெயன் பின்னால் நின்று “வலத்தால வெட்டு, வெட்டு, ஐயோ நில்லு! உந்தப் பக்கம் இல்லை!” என்று கத்துகிறார். வலப்பக்கம் திருப்பினால் கரவன் இடப்பக்கம் போகிறது. சுற்றிவர இருந்தவர்கள் பியரோடு கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இறங்கிப் போய்க் கார்த் திறப்பை நீட்டினேன். “இந்தாங்கோ, நீங்களே ஓட்டுங்கோ!”

அவர் திறப்பைப் பார்த்தார். வாங்கவில்லை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. பக்கத்து இடத்துக்காரர் ஒருவர் வந்து ஐந்து நிமிடத்தில் விட்டுத் தந்துவிட்டுப் போனார். ஜெயன் அன்று சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நரூமா, 230 கிலோமீற்றர். பேற்மன்ஸ் பேயில் மதியச் சாப்பாடு. கடல் பச்சையாகவும் நீலமாகவும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தது, இவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நரூமாவில் (இரண்டு இரவு, இரவுக்கு 55 டொலர்) இடம் நேராக ஓடிப்போய் நிறுத்துகிற மாதிரிக் கிடைத்தது, தப்பினேன்.

மறுநாள் காலை கடற்சிங்கம் பார்ப்போம் என்று நான் தொப்பியைப் போட்டால், இவர் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். “வா, ரிவேர்ஸ் பழகுவம்.”

“கத்துவீங்களோ?”

“கத்தமாட்டன். கத்தினது பிழை. எனக்குக் கை தன்ர பாட்டில போகும், சுகி. அதை இன்னொராளுக்குச் சொல்லிப் பார்த்ததில்லை. ராவு முழுக்க அதைத்தான் யோசிச்சனான்.”

ஆளில்லாத பெரிய கார் பார்க் ஒன்றுக்குப் போனோம். இடம், வலம் என்ற சொல்லே இல்லை. ஸ்ரியறிங்கின் அடிப்பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். காரின் பக்கக் கண்ணாடியில் அவர் கை எந்தப் பக்கம் போகிறதோ, என் கையும் அந்தப் பக்கம். சரியாக வந்தால் “வா, வா, வா” என்பார். “போதும்” என்றால் நிறுத்தவேண்டும். “என்னைக் காணேல்லையெண்டா உடன நில்லு.” இவ்வளவுதான். மூன்றாம் முறை கரவன் கோடுகளுக்கு நடுவே போய் நின்றது. நான் காருக்குள் இருந்தபடியே கூவினேன். கடற்சிங்கங்களையும் பார்த்தோம். அலைத்தடுப்புக் கற்களில் படுத்துக் கிடந்தன, நாறின.

செவ்வாய்க்கிழமை ஈடன், அங்கிருந்து 135 கிலோமீற்றர், இரவுக்கு 48 டொலர், மூன்று இரவுகள். திமிங்கிலம் பார்க்கிற ஆசை இருந்தால் செப்ரெம்பருக்குப் பிறகு போங்கள், மார்ச்சில் வெறும் கடல்தான். எங்களுக்கு வேறொன்று கிடைத்தது. இரண்டாம் நாள் பின்னேரம் தனியாகக் கரவன் இழுத்து வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, எழுபது வயதிருக்கும், எங்களுக்கு முன்னால் இருந்த இடத்துக்குள் விடமுடியாமல் நாலைந்து தரம் முயன்றார். பழையபடி கதிரைகள் திரும்பின. அவர் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்திருக்க வேண்டும், காரை முன்னால் எடுத்தார்.

ஜெயன் எழும்பிப் போனார். கார் ஜன்னலைத் தட்டி, என் கையை மட்டும் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு பின்னால் போய் நின்று கையைத் தூக்கியதும் ஆங்கிலம் எங்கே போனதோ தெரியாது. “வா… வா… வா… மெல்ல, மெல்ல… வா… போதும்!” அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வா என்றால் வந்தார், போதும் என்றால் நின்றார். கரவன் அச்சொட்டாகப் போய் இருந்தது. கதிரைக்காரர்கள் கை தட்டினார்கள். அம்மா இறங்கி வந்து இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “இதுதான் உங்கள் வேலையா?” என்று கேட்டார். இவர் “பஸ் ஓட்டினேன்” என்றார்.

மறுநாள் காலை அந்த அம்மா என்னைக் கண்டதும் “வா வா!” என்று கையசைத்தார். பத்து மணிக்குள் இன்னும் இரண்டு பேர் இவரைத் தேடி வந்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் மீன் பொரித்தேன். சாப்பிட்டுக்கொண்டே, “அந்த மனுசிக்குக் கை நடுங்கினது, சுகி. என்ர கையைப் பார்த்த பிறகு நடுக்கம் நிண்டிட்டுது” என்றார்.

“பாவம் பார்த்துத்தான் போனனீங்களோ?” என்றேன்.

“சீச்சீ! அவ ஓட்டக் கூடியவ. ஒராள் பின்னால நிண்டாப் போதும்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கெடுத்திருப்பேன். இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை லேக்ஸ் என்ட்ரன்ஸ். 240 கிலோமீற்றர், பெரும்பாலும் காடு, போன் சிக்னல் கிடைப்பது அருமை. ஈடனிலேயே டீசலை நிரப்பிக்கொள்ளுங்கள். கான் றிவர் தாண்டியதும் திரும்பிப் பார்த்தால் ஜெயன் வாயைத் திறந்தபடி நித்திரை. நான் ஓட்டினால் பரமட்டாவுக்குப் போவதற்கே காலால் பிறேக் பிடிக்கிற ஆள்! எழுப்பிவிடக்கூடாதே என்று வளைவுகளில் மெல்லமாக எடுத்தேன். சந்தோசத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு மெல்பேர்ண், இன்னும் 320 கிலோமீற்றர். நகர ஓரத்துக் கரவன் பார்க் ஒன்றில் நானே பின்பக்கமாக விட்டேன், இரண்டாவது முயற்சியில். முதலாவதைப் பற்றிக் கேட்கவேண்டாம்.

போக நினைப்பவர்களுக்கு: மொத்தம் ஏறக்குறைய 1050 கிலோமீற்றர், டீசல் எங்களுக்கு 320 டொலர். பாடசாலை விடுமுறையைத் தவிருங்கள், இடமும் கிடைக்காது, விலையும் ஏறும். பாரத்தைச் சில்லுக்கு மேலே வையுங்கள். அரிசி ஐந்து கிலோ போதும், சத்தியமாகப் போதும். பொழுதுபடும் நேரத்தில் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும். புறப்பட முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் கார் பார்க்கில் ரிவேர்ஸ் பழகுங்கள். கணவன் மனைவியாகப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள், கல்யாணத்துக்கு நல்லது.

மெல்பேர்ண் போய்ச் சேர்ந்த மறுநாள்தான் டிப்போ கெடு வைத்த அந்தக் கடைசித் திங்கட்கிழமை. நான் நினைவூட்டவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒன்பது மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு கரவன் படியில் போய் இருந்தார். நான் உள்ளே கோப்பை கழுவுவதாகப் பாவனை செய்து தண்ணீரை நிறுத்திவிட்டு ஒட்டுக்கேட்டேன். யார்ட் வேலைக்கு வருகிறேன் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். அடுத்த திங்கள் தொடங்கலாமா என்று கேட்டிருக்கவேண்டும். இவர் சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

“இல்லை, அதற்கடுத்த திங்கள்” என்றார். “சிட்னிக்கு வந்து சேர நாளெடுக்கும். என்னுடைய டிரைவர் எண்பதுக்கு மேலே போகமாட்டா.”