உரக்கச் சொல்ல முடியாத வியாதி

நான் றக்வானப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. அரசாங்க உத்தியோகம் என்பதால் மருத்துவக் காப்புறுதி உண்டு. கல்யாணத்துக்கு முன்பு அதில் அப்பா அம்மாவையும் சேர்த்திருந்தேன். என் கழுத்தில் தாலி ஏறியதும் அவர்கள் இருவரும் அதிலிருந்து இறங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் கணவர் ஏறிக்கொண்டார். அவருக்கு இதுவரை ஒரு தும்மல்கூட வந்ததில்லை. என்ன கண்றாவிச் சட்டமோ!

அப்பாவின் காது மந்தமானது அதற்குப் பிறகுதான். தேயிலைத் தொழிற்சாலை இரைச்சலிலேயே காலத்தைக் கழித்தவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் சோதித்தார்கள், அன்பாகவும் பேசினார்கள். காதில் வைக்கும் மெஷினை மட்டும் "எளியென் கன்ன" என்று சிங்களத்தில் சொன்னார்கள். வெளியே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். விலையைக் கேட்டதும் எங்களுக்கும் காது அடைத்துப்போனது.

அன்றிலிருந்து அம்மா எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை. "கசாயம் குடிச்சீங்களா?" என்று அம்மா கத்தினால், "குடிச்சிட்டாரு அக்கா, நா பாத்தேன்" என்று மூன்றாவது வீட்டிலிருந்து பதில் வரும். அப்பா மட்டும் "என்னா?" என்பார்.

போன விடுமுறையில், அம்மா உட்கார முடியாமல் நின்றுகொண்டே சோறு தின்றதைப் பார்த்து, வலுக்கட்டாயமாக கிளினிக்குக்கு இழுத்துப்போனேன். கர்ப்பப்பை இறங்கியிருந்தது. ஒப்பரேஷன் செய்ய வேண்டும், வந்து வார்டில் சேருங்கள் என்றார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

"அவருகிட்ட சொல்லாம நா எப்புடி புள்ள போறது?"

"சொல்லேன்மா."

"கத்தவா சொல்ற? பொம்பள சமாச்சாரத்த?"

"சரி, நா சொல்றேன்."

"நீ கத்துனா மட்டும் லயத்துக்குக் கேக்காதாக்கும்!"

எழுதிக் காட்டலாம் என்றால் அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அம்மா நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார். இப்படியே விட்டால் என்ன ஆகுமோ என்று நான் தினமும் நச்சரித்தேன்.

கடைசியில் எரிச்சலோடு சொன்னேன்: "காதுகிட்ட வாய வச்சு மெதுவா சொல்லும்மா!"

கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல் அம்மா என்னைப் பார்த்தார். எங்கள் லயத்தில் புருஷனை ஒட்டி உட்காரும் பெண்சாதியை நான் கண்டதே இல்லை. எங்களையெல்லாம் பெற்றவர்கள்தான், ஆனால் எங்கள் முன்னால் இருவருக்கும் நடுவே ஒரு முழமாவது இடைவெளி இருந்தாக வேண்டும். மாதக்கணக்காக எட்ட நின்று தொண்டை கிழியக் கத்தினாரே தவிர, கிட்டப் போகலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப நீ அங்கிட்டு திரும்பு."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். வகுப்பில் எத்தனையோ பேருக்கு நான் கொடுத்த தண்டனைதான்.

முதுகுக்குப் பின்னால் அம்மா அப்பாவை நெருங்கிப் போய்க் கிசுகிசுப்பது கேட்டது. பிறகு அப்பா பேசினார். தன் குரல் எவ்வளவு உயருகிறது என்று தெரியாத மனிதர்.

"இத்தன நாளா இந்த வலியோடயா வேல செஞ்ச? நாளைக்கே போவோம். பயப்புடாத புள்ள, நா ஒங்கூடவே இருப்பேன்!"

லயம் முழுவதும் கேட்டிருக்கும். பதறிப்போய்த் திரும்பினேன்.

"ஐயோ, மானம் போச்சு" என்றார் அம்மா. வாயை மட்டும் அப்பாவின் காதிலிருந்து எடுக்கவில்லை.