பெண் காட்டப் போன பதினொரு சைக்கிள்கள்

மாமாவுக்குப் பொய் சொல்ல வரும். அளவாகச் சொல்லத்தான் வராது. அந்த ஒரு குறையால் எங்கள் சின்னம்மாவின் கலியாணப் பேச்சு ஊர்வலமாகப் போன கதை இது. அப்போது எனக்கு ஒன்பது வயது. யார் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்டு அடி வாங்குகிற வயது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வருவது நின்று இரண்டு வருடமாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள், கலியாணவீட்டுக்கும் சைக்கிள், செத்தவீட்டுக்கும் சைக்கிள். அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எங்கள் ஊரான உரும்பிராயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். தன் சைக்கிளுக்குத் தானே ஒட்டுப் போடுவார், பள்ளிக்கூடம் விட்டால் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவார். இது போதாதென்று நினைத்த அம்மாவும் மாமாவும் ஒரு தரகரைப் பிடித்தார்கள். அவர் புலோலிப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவந்தார். மாப்பிள்ளையின் அண்ணன் கனடாவுக்குக் கூப்பிட்டிருந்தார். அடுத்த மாதம் கிளாலிக் கடலேரியைத் தாண்டிக் கொழும்புக்குப் போய் அங்கிருந்து பறக்கவேண்டும். அதற்குள் தாலி கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய தாயாரின் பிடிவாதம்.

சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணை ஒருமுறை பார்க்கவேண்டியதுதான் மிச்சம். படம் அனுப்பலாம் என்றால் ஊரில் எந்த ஸ்ரூடியோவிலும் பில்ம் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வல்லிபுரக் கோயிலில் பார்ப்பதென்று முடிவானது. எங்கள் பக்கத்தில் இதற்கொரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு தூணோரம் நின்று பார்ப்பார்கள். ஒரு வார்த்தை கதைக்க மாட்டார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை, எல்லோரும் சாமியைத்தான் பார்த்தார்கள் என்று ஆகிவிடும். கூட்டத்தில் பெண் யாரென்று தெரிவதற்கு ஓர் அடையாளம் மட்டும் சொல்லிவிடப்பட்டது: மயில்கழுத்து நீலச் சேலை.

இவற்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அசையாமல் நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு எதையும் சொல்லத் தேவையில்லை.

ஏற்கெனவே பேசிய இரண்டு இடங்கள் குழம்பியிருந்தன. இரண்டும் அயலவர்களின் நாவூறு என்பது அம்மாவின் தீர்மானம். அதனால் இந்தமுறை ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது. எங்கே பயணம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது, கோயிலுக்கு என்று மாமா சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மாமா ஒரு சைக்கிள் சுற்றுலா என்றார். நீர்வேலி வாழைத்தோட்டம், வல்லை வெளிக் காற்று, வல்லிபுரத்து மணல், பருத்தித்துறைக் கடல் என்று அடுக்கிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அவருக்கே அதில் ஆசை வந்துவிட்டது. குண்டுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனம் விடுமா? ஞாயிறு காலை எங்கள் படலையடியில் எண்ணிப் பார்த்தேன். எங்களுடையதும் தரகருடையதுமாக மூன்று சைக்கிள்கள். அயலவர்களுடையவை எட்டு.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கப் போனியள் அண்ணை, இப்ப பூசணித் தோட்டமே வந்து நிக்குது" என்று அம்மா பல்லைக் கடித்தபடி சொன்னார். தம்பி கைக்குழந்தை என்பதால் அம்மா வரவில்லை. வந்திருந்தால் எல்லாமே வேறுவிதமாகப் போயிருக்கும்.

நான் மாமாவின் சைக்கிள் பாரில் துவாய் சுற்றி உட்கார்ந்திருந்தேன். சின்னம்மா பழைய பாவாடை சட்டையோடு மிதித்தார். சேலைகள் பையில் இருந்தன. எங்களுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்கா தன் தகப்பனின் பெரிய சைக்கிளில் வந்தார். நாலு பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் அவர்தான் மூத்தவர், இருபத்திரண்டு வயது. அந்த வீட்டுக்கு எந்தத் தரகரும் போவதில்லை. போனால் என்ன தருவீர்கள் என்று கேட்கவேண்டிவரும், அங்கே தருவதற்கு ஒன்றும் இல்லை.

சுற்றுலா அருமையாக நடந்தது, மாமாவைத் தவிர எல்லோருக்கும். பதினொரு மணிக்குள் கோயிலில் நிற்கவேண்டும் என்பது மாமாவின் அவதி. உல்லாசப் பயணத்தில் என்ன அவசரம் என்பது மற்றவர்களின் கேள்வி. நீர்வேலியில் இறங்கி வாழைப்பழம் சாப்பிட்டார்கள். ஆவரங்கால் தாண்டும்போது ஆமியின் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. பதினொரு சைக்கிள்களும் ஒரு மாமரத்தின் கீழ் ஒதுங்கின. அது போகும்வரை ஒருவர் முறுக்கு விநியோகம் செய்தார். ஹெலியில் இருப்பவருக்கு முறுக்கு மணக்குமா என்று கேட்டேன். மாமா என் தலையில் குட்டினார்.

வல்லை வெளியில் காற்று எதிர்த்து அடித்தது. அங்கேதான் அக்காவின் பாவாடை சங்கிலிக்குள் அகப்பட்டது. ஆண்களின் சைக்கிள், சங்கிலிக்கு மூடி கிடையாது. அக்கா விழவில்லை, ஆனால் பாவாடை முழங்கால் வரை கிழிந்து கிறீஸில் தோய்ந்துபோனது. சின்னம்மா இறங்கிப் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றித் துணியை அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தார். அக்கா அழுதார். அவரிடம் இருந்த நல்ல உடுப்பு அது ஒன்றுதான். நெல்லியடியில் தரகரின் ரயர் வெடித்தது. "நீங்கள் போங்கோ, நான் ஒட்டிக்கொண்டு பின்னாலை வாறன்" என்று அவர் நின்றுவிட்டார்.

வல்லிபுரத்தில் மணல். சைக்கிள்களை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். வேலியோரமாக எல்லாவற்றையும் சாத்தியபிறகு, ரயருக்கும் ரியூப்புக்கும் தவம் கிடக்கிற காலத்தில் இவற்றுக்கு யார் காவல் என்ற கேள்வி வந்தது. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். "நீங்கள்தானே தலைவர்" என்றார் முறுக்குக் கொடுத்தவர். உள்ளே தனக்கு முக்கியமான வேலை இருக்கிறது என்று மாமாவால் சொல்ல முடியவில்லை. பத்துச் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெண்கள் மடத்துக்குள் போய் உடை மாற்றினார்கள். சின்னம்மா பையைத் திறந்தார். நீலச் சேலை, அதன் கீழே வீட்டில் கட்டுகிற ஒரு மஞ்சள் பருத்திச் சேலை. கிழிந்த பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு நீலத்தை எடுத்து அவருக்கு உடுத்திவிடத் தொடங்கினார்.

அடையாளம் நீலம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அது தெரியும் என்பது யாருக்கும் தெரியக்கூடாது.

"அக்காவுக்கு மஞ்சளைக் குடுங்கோவன் சின்னம்மா" என்றேன்.

வாயில் ஊசி வைத்திருந்ததால் சின்னம்மா பல்லிடுக்கால் கதைத்தார். "அவளின்ரை நிறத்துக்கு மஞ்சள் எடுப்பாயிராது."

வெளியே ஓடினேன். மணல் காலைப் பொசுக்கியது. மாமா ஒரு சைக்கிள் சீற்றில் உட்கார்ந்திருந்தார். "மாமா, நீலச் சேலை..." என்று தொடங்கினேன். "என்ன சேலை? உனக்கு ஆர் சொன்னது?" என்று அவர் கண்ணை உருட்டினார். ஒட்டுக்கேட்டதற்கு அம்மா போன தடவை தந்த அடி நினைவுக்கு வந்தது. "வடை வேணும்" என்றேன்.

உள்ளே அக்கா கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நீலத்தில் அவர் உண்மையாகவே வடிவாக இருந்தார். தூணோரம் ஓர் உயரமான மனிதரும் ஒரு வயதான பெண்ணும் நின்றார்கள். அந்த மனிதர் சாமியின் பக்கம் திரும்பவே இல்லை. சின்னம்மா என் கையைப் பிடித்தபடி கூட்டத்தின் பின்னால் நின்று அவரையே பார்த்தார், கணக்குக் கொப்பியில் விடை சரியா என்று பார்ப்பதைப்போல. பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

தரகர் ஒருமணி நேரம் கழித்து வியர்வையோடும் சிரிப்போடும் வந்தார். வழியில் மாப்பிள்ளை வீட்டாரைக் கண்டிருக்கிறார். மாமாவின் காதருகில் குனிந்தார். "அவைக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு! நீலச் சேலை கிளி மாதிரி இருக்காம்." மாமா பெருமையோடு திரும்பிச் சின்னம்மாவைப் பார்த்தார். மஞ்சள். அவருக்குப் பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த நீலத்தைப் பார்த்தார். மாமாவின் வாய் திறந்தது. சுற்றிலும் அயலவர்கள் நின்றதால் அப்படியே மூடிக்கொண்டது. கிளம்புவோம் என்று மட்டும் சொன்னார். பருத்தித்துறைக் கடலைப் பார்க்காமல் திரும்புவதா என்று எல்லோரும் சண்டை பிடித்தார்கள்.

பிறகு தரகர் நாலு தடவை போய்வந்தார். பார்த்த பிள்ளைதான் வேண்டும் என்று மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றார். வெறுங்கையோடு வந்தாலும் போதும் என்றார். அக்காவின் சாதகத்தையும் தரகர் பார்த்தார். அவர் பார்த்த சாதகம் பொருந்தாமல் போனதாகச் சரித்திரமே இல்லை. மூன்று கிழமையில் கலியாணம் முடிந்தது. அக்காவின் தகப்பன் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று அழுதார். அம்மாவும் அழுதார், அது வேறு அழுகை. "இரக்கம் இருக்கலாம். சேலையை இரவல் குடுக்கிற அளவுக்கு இருக்கக்கூடாது. பிள்ளை ஒண்டும் தெரியாத அப்பாவி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சின்னம்மாவும் அப்பாவியாகவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்று திரும்பிவந்த வழிதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது. அடம்பிடித்துச் சின்னம்மாவின் பின்னால் ஏறிக்கொண்டேன். என்னால்தான் எல்லாம் கெட்டது, நான் வாயைத் திறந்திருந்தால் சின்னம்மா கனடாவுக்குப் போயிருப்பார் என்று எனக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன். வல்லை வெளியில் மற்றவர்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு மிதித்தார். திடீரென்று அவருடைய முதுகு குலுங்குவதைக் கண்டேன். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"அழாதேங்கோ சின்னம்மா. வேறை மாப்பிள்ளை வருவார்" என்றேன்.

முதுகு இன்னும் மோசமாகக் குலுங்கியது. சைக்கிள் வளைந்து வளைந்து போனது. பாவம், எவ்வளவு துக்கத்தை அடக்குகிறார் என்று நினைத்து, உரும்பிராய் வரும்வரைக்கும் அந்த முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.