அசன நாடகத்தில் அப்பா வேஷம்

கணக்கு வாத்தியாருக்கு முகம் தேவையில்லை. சாக்பீசும் முதுகும் போதும். பாளையங்கோட்டையில் ஆயுசில் பாதியைக் கரும்பலகையைப் பார்த்துப் பேசியே கழித்தவன் நான். எனக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது. அந்த முன்பக்கத்திலும் மூக்கு, மீசை தவிர வேறெதுவும் வெளியே தெரியாது. சந்தோஷம், கோபம், பல்வலி எல்லாவற்றுக்கும் ஒரே மூஞ்சிதான். இப்படிப்பட்ட ஆசாமி நடிக்கக் கிளம்பினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

கிளம்பியதற்குக் காரணம் என் மகள். ஒரே பிள்ளை. ஐதராபாத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று அவள் வந்து சொன்னபோது எனக்கு எவ்வளவோ சொல்லத் தோன்றியது. ஆனால் வாயிலிருந்து வந்தது, "சரி, டிக்கெட் போட்டாச்சா?" என்பதுதான். அன்று சாயங்காலம் அடுக்களையில் அவள் அம்மாவிடம், "அப்பாவுக்கு நான் போறது ஒண்ணுமே இல்லம்மா. வீட்ல ஒரு பை கொறஞ்ச மாதிரி, அவ்வளவுதான்" என்று சொன்னாளாம். என் மனைவி அதை ஒரு சொல் விடாமல் என்னிடம் ஒப்பித்துவிட்டு, "பிள்ள இப்படி நெனச்சிக்கிட்டே போவணுமாங்க?" என்று கேட்டாள். போகக்கூடாதுதான். மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் தடவை பி.எஃப். பிடித்தம் எப்படிப் போடுவார்கள் என்று விளக்கினேன். அடுத்த தடவை, மழைக்காலத்தில் செருப்பைக் காய வைக்கும் முறை. பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கிறிஸ்தவ சபையின் சேகரத்தில் அசனப் பண்டிகை வந்தது. சபையார் எல்லாரும் கோயில் வளாகத்தில் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நாடகம் உண்டு. இந்தத் தடவை நாடகத்தில், பிழைப்புக்காக வெளியூர் போகிற மகனை நினைத்து உருகும் ஒரு அப்பா வேஷம். அதற்கு ஆள் கிடைக்கவில்லை. "நான் போடுதேன்" என்று கையைத் தூக்கினேன். ஐயர், எங்கள் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், அந்த அப்பா அழணுமே?"

"அழுதாப் போச்சு."

என் திட்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நாடகம். செவ்வாய்க்கிழமை மகளுக்கு ரயில். முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாள். வாயால் சொல்ல முடியாததை மேடையில் மூஞ்சியால் காட்டிவிடலாம். வீட்டுக் கூடத்தில் பத்து அடி தூரத்தில் செய்ய முடியாததை, மைக் செட் போட்டு ஊரைக் கூட்டிச் செய்யலாம் என்று நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது?

நாடகத்தை நடத்தியது ஒரு காலத்தில் என்னிடம் கணக்குப் படித்த பெண். சேரன்மகாதேவிப் பக்கத்துச் சைவக் குடும்பம். இப்போது ஒரு கல்லூரியில் நாடகம் சொல்லிக் கொடுக்கிறாள். ஐயர் கேட்டுக்கொண்டதால் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தாள். முதல் நாள், "மேடையில ஏறி நாலு வரி பேசுங்க சார்" என்றாள். ஏறினேன். என்னை அறியாமலே திரும்பிப் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு நாலு வரியையும் பேசினேன். முடிவில் "புரியுதா?" என்றும் கேட்டுவிட்டேன்.

"சார், ஒங்க முதுகு பிரமாதமா நடிக்குது. மூஞ்சியையும் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது என் படிப்பு. வயிற்றால் மூச்சு விடச் சொன்னாள். விட்டேன், வேட்டி நெகிழ்ந்தது. உடம்பு தளரட்டும் என்று மாடு மாதிரி நடக்கச் சொன்னாள். நடந்தேன். பக்கத்தில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த பாடகர் குழுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் நிஜ மாடாக இருந்திருந்தால் முட்டியிருப்பேன். கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி, கத்தாமல் குரல் எழுப்பப் பழக வேண்டும் என்றாள். வீட்டில் பழகினால் அக்கம்பக்கம் போலீசைக் கூப்பிடும் என்று, விடியற்காலம் தாமிரபரணிக் கரைக்குப் போனேன். எதிர்க்கரையைக் கடைசி வரிசையாக வைத்துக்கொண்டு, "மகனே! என்னை விட்டுப் போகாதே!" என்று வயிற்றிலிருந்து விட்டேன். படித்துறையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தடால் என்று தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். ஒருவர் மூழ்கி எழுந்து, மூச்சு வாங்க, "எந்தப் பக்கம் போனான், அண்ணாச்சி?" என்றார்.

"யாரு?"

"ஒங்க மவன்!"

"எனக்கு மகனே கெடையாதே" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

"அப்பொறம் என்ன எழவுக்குவே கத்துனீரு?"

நாடகத்துக்கு என்றதும் அவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு நான் அந்தப் படித்துறைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

முக்கியமான கட்டம் கடைசியில்தான். மகன் போன பிறகு அப்பா தனியாக முழங்காலிட்டு, சபையைப் பார்த்தபடி கை கூப்பி, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். துக்கம் முழுக்க முகத்தில் வர வேண்டும். பிறகு ஒரே வரி: "ஆண்டவரே, என் மகனைக் காத்தருளும்." திரை. "அழக்கூடாது சார். அழுகைய அடக்கணும். அடக்குறதுதான் நடிப்பு" என்றாள். காலமெல்லாம் அதைத்தானே செய்கிறேன், ஒருத்தரும் என்னை நடிகன் என்று சொல்லவில்லையே! குளியலறைக் கண்ணாடி முன்னால் தினமும் அடக்கிப் பார்த்தேன். கதவு திறந்திருந்த ஒரு நாள் மனைவி எட்டிப் பார்த்து, "பல்லு வலிக்கா? கிராம்பு தரட்டா?" என்றாள். ஆனால் கடைசி ஒத்திகையில் எப்படியோ வந்துவிட்டது. என் பழைய மாணவி, இப்போது என் ஆசிரியை, எதிரே தனியாக உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். "இதேதான் சார். ஞாயித்துக்கிழமையும் இதையே குடுங்க" என்றாள். வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஹால் நிறையச் சனம். முன்வரிசையில் மனைவி, மகள், செல்போனில் வீடியோ எடுக்க நான் ஏற்பாடு செய்திருந்த மச்சினன். வெளியே அசனத்துக்குக் கறி கொதிக்கிற வாசனை. என் கட்டம் வந்தது. முதுகைக் காட்டாமல் நடந்து வந்தேன். முழங்காலிட்டேன். கை கூப்பினேன். முகத்தைத் தூக்கிச் சபையைப் பார்த்தேன்.

ஹாலில் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.

எங்கள் சபையில் ஒருத்தர் முழங்காலிட்டுக் கை கூப்பினால் தொட்டில் பிள்ளைகூடக் கண்ணை மூடும். நாடகமாவது ஒன்றாவது! தலைகள் அத்தனையும் குனிந்திருந்தன. மனைவி முக்காடு போட்டுக்கொண்டுவிட்டாள். மச்சினன் கண்ணை மூடியபடி செல்போனைத் தரையைப் பார்க்கப் பிடித்திருந்தான். என் மகளும் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். என் ஆசிரியைக்கு எங்கள் வழக்கம் தெரியாது, தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலில் கண்ணை மூடி வளர்ந்த எனக்கு ஏன் தோன்றவில்லை? அடப்பாவி, இதற்கா மாடு மாதிரி நடந்தேன்!

பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் "தோத்திரம்" என்றார். ஜெபத்தைத் தொடங்கச் சொல்கிறார்கள். வசனம் சுத்தமாக மறந்துவிட்டது. நானும் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, என் மகளோடே கூடப் போம்" என்று வாய் தானாகச் சொன்னது. "மகன் சார், மகன்!" என்று மேடையின் பக்கவாட்டுத் திரை ஓரத்திலிருந்து என் ஆசிரியை கிசுகிசுத்தாள். கேட்டது. நிறுத்த முடியவில்லை. "செவ்வாய்க்கிழமை ரயிலில் அவளைப் பத்திரமாய்க் கொண்டுபோய்ச் சேரும். அவளுக்கு மூச்சுத் திணறல் உண்டு என்று உமக்குத் தெரியும். இன்ஹேலரை அவள் மறந்தாலும் நீர் மறவாதிரும். அவள் அறை சும்மா கிடக்கப்போகிற வீட்டில் நான் எப்படி இருப்பேனோ தெரியவில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைத் தாங்கும், ஆமென்." ஹால் முழுக்க "ஆமென்" என்றது. திரை விழுந்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் ஈரம்.

"சார், அந்த மூஞ்சிய நான் ஒருத்திதான் பாத்தேன்" என்றாள் என் ஆசிரியை. மச்சினன் எடுத்த வீடியோவில் என் குரலும் அவன் செருப்பும் நன்றாகப் பதிந்திருந்தன.

பந்தியில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இலையில் சோறு விழுந்தது, கறிக்குழம்பு விழுந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

"வசனத்துல இன்ஹேலரும் இருந்துச்சாப்பா?"

"கறி நல்லா வெந்திருக்கு" என்றேன்.

"அத எங்கிட்ட நேர்ல ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"அங்கன எல்லாரும் கண்ண மூடிருந்தாங்கம்மா. சொல்ல லேசா இருந்துச்சு."

அவள் குழம்புக் கையை இலைக்கு மேல் அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள்.

"மூடிட்டேன். இப்பச் சொல்லுங்க."

சோற்று வாளியோடு ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். எதிர்வரிசையில் ஐயர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நீ போவாண்டாம்னுதான் இருக்கு" என்றேன். "ஆனாலும் போயிட்டு வா."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொருக்கச் சொல்லுங்கப்பா" என்றாள்.